பசறை வேனில் ஒரு புலன்விசாரணை

‘சுழல்’ தொடரில் நிலா என்ற பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எங்கள் வேனில் இப்போது யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்து வருஷக்கணக்காகிறது. ஆனால் தொடரைப் பற்றிய பேச்சு மட்டும் ஓயவில்லை. போன வாரம்கூட, நிலாவின் அப்பா சண்முகம் நல்ல தலைவரா, மோசமான தகப்பனா என்று பதுளையில் தொடங்கிய வாக்குவாதம் பசறை டவுனுக்குள் வேன் நுழையும்வரை நீண்டது. இறங்க வேண்டிய இடத்தில் ஒருவர் இறங்காமல் பேசிக்கொண்டே வந்துவிட்டார்.

பதுளை டவுனில் குடியிருந்துகொண்டு பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர்களின் வேன் இது. நான் தமிழ் டீச்சர். பக்கத்து சீட்டில் கணித சேர், பண்டாரவளைக்காரர். ஓட்டுகிற அண்ணன் ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கப் போய்விடுவார் என்பதால் அந்த நாட்களில் வேனுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். துப்பறியும் தொடர்களை இந்த வேனில் இருப்பவர்கள் பார்க்கிற விதம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கொலைகாரன் யார் என்பது இவர்களுக்குக் கடைசிக் கேள்வி. அந்த ஊரில் மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதில்தான் முதல் சந்தேகமே தொடங்குகிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காமல். ‘சுழல்’ 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்தது. ‘விக்ரம் வேதா’ எடுத்த புஷ்கர்–காயத்ரி எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் 8 பாகங்களாக இயக்கினார்கள். சாம்பலூர் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெந்துத் தொழிற்சாலை, அதில் ஒரு வேலைநிறுத்தம். ஓர் இரவில் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரில் மயானக்கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. சண்முகமாக பார்த்திபன், மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி, சப் இன்ஸ்பெக்டர் சக்கரையாகக் கதிர். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் சந்தேகம் ஒருவரை விட்டு இன்னொருவர்மேல் தாவும். பார்க்கிறவர்களும் கூடவே தாவிக்கொண்டிருப்போம். அதுதான் இந்த வகைக் கதையின் பொறிமுறை. எது தடயம், எது திசைதிருப்ப வைத்தது என்று தெரியாததால் சுவரில் தொங்குகிற படத்தைக்கூட உற்றுப் பார்க்கிறோம். இப்படி உற்றுப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு எழுதியவரின் பொய்யும் சேர்ந்தே தெரிந்துவிடும் என்பதுதான் வில்லங்கம்.

2022 ஜூன் எங்கள் இலங்கைக்கு எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, காஸ் வரிசை, மின்வெட்டு. முந்திய வருஷத்து இரசாயன உரத் தடையின் விளைவாகத் தோட்டங்களில் கொழுந்தும் சுருங்கிப்போயிருந்தது. கொழும்பில் கடையில் வேலைசெய்த பையன் ஒருவன் லீவில் வந்தபோது பென் டிரைவில் கொண்டுவந்தான். அப்படித்தான் ‘சுழல்’ எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற வசதி எங்கள் பக்கம் அபூர்வம், சரி பிழை வேறு விஷயம். கரண்ட் இருக்கிறபோது ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றி, போனதும் ஐந்தாறு பேர் ஒரு சின்னத் திரையைச் சுற்றிக் குந்துவார்கள். பாகம் முடிவதற்குள் பெற்றரி முடிந்துவிட்டால் மிச்சத்தை ஆளாளுக்கு ஊகித்துச் சொல்வார்கள். பேச்சுப் பழக்கம் அப்படித்தான் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு டிரைவர் அண்ணன் சொன்னதை நான் மறக்கவில்லை. “டீச்சர், அந்த ஸ்டேஷன்ல எல்லாருக்கும் ஒரே பாஷை. பாத்தீங்களா?”

எனக்கு அது தோன்றவேயில்லை. தமிழ்நாட்டுத் தொடரில் பொலிஸ்காரர் தமிழ் பேசாமல் வேறென்ன பேசுவார்? ஆனால் தோட்டத்திலிருந்து ஒரு பிரச்சினைக்குப் பொலிஸில் என்ட்ரி போடப் போகிற ஆளுக்கு, தான் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, அதை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்த அனுபவம் இருக்கும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. அது தாளில். ஆகவே ஓர் இளம்பெண், பொலிஸ் அதிகாரியின் முகத்துக்கு நேரே தன் பாஷையில் எகிறுகிற காட்சிதான் அண்ணனுக்குத் தொடரிலேயே பெரிய அதிசயம். பிணத்தைக் கண்டுபிடிக்கிற காட்சி அதற்குப் பிறகுதான்.

சண்முகத்தைப் பற்றிய சண்டைக்கு வருகிறேன். ஒரு தலைமுறை தோட்டத் தலைவராக இருந்து ஓய்ந்த மாமா ஒருவர் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார். எங்கள் பக்கம் ‘தலைவர்’ என்றால் கொழும்பில் இருப்பவர் முதல் ஆள் அல்ல. தோட்டத்தில் சங்கத்துக்குப் பொறுப்பானவர்தான் தலைவர். சம்பளத்தில் சந்தா பிடிபடுவதில் தொடங்கி, அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, போட்ட கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்பது, புருஷன் பெண்சாதி சண்டை, சாவு வீட்டுக்குப் பந்தல் எல்லாம் அவர் தலையில்தான். மாமா ‘சுழல்’ முழுவதையும் இரண்டு தடவை பார்த்தார். பார்த்திபனை அவருக்குப் பிடித்தது. ஆனால் வேலைநிறுத்தத்தை நம்பவில்லை.

“ஸ்ட்ரைக்னா மொதல் நாளே அரிசிக் கணக்கு வரும் பிள்ளை. கடைக்காரன் எத்தன நாளைக்குக் கடன் குடுப்பான்? யார் வீட்ல கைப்புள்ள இருக்கு? யார் ரெண்டாம் நாளே வேலைக்கு எறங்கிருவான்? இந்த ஆளு அதெல்லாம் யோசிச்ச மாதிரியே தெரியலயே. பேச்சு நல்லாத்தான் பேசுறாரு.”

கணித சேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கதை வேலைநிறுத்தத்தைப் பற்றியதல்ல, அது பின்புலம்தான் என்றார். அதற்கு மாமா சொன்ன பதிலை எந்த விமர்சகரும் சொல்லியிருக்க மாட்டார்: வீட்டுக்குள்ளே நடந்தது தெரியாமல் போன மனிதர் என்றுதானே இந்தக் கதை சண்முகத்தைக் காட்டுகிறது? அப்படியானால் ஊர்க் கவலையில் அவர் எப்படி மூழ்கிப்போனார் என்று காட்டினால்தானே வீட்டைத் தவறவிட்டது நமக்கு உறைக்கும்?

மாமா சொன்னது சரி என்பது என் கட்சி. கடவுளை நம்பாத சண்முகத்தின் வீட்டில் என்ன முறிந்தது என்பதைத் தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. சங்கத்தைக் கோஷமும் கொடியுமாக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

சங்கத்தலைவரை நடுவில் வைத்து இதைவிட ஆழமாகப் போன தொடர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ‘தி வயர்’. 2002 முதல் 2008 வரை எச்பிஓவில், ஐந்து பருவங்களாக 60 பாகங்கள். பால்டிமோர் என்ற துறைமுக நகரம்தான் கதை. உருவாக்கியவர் டேவிட் சைமன், அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பேர்ன்ஸ் அதே ஊரில் கொலை வழக்குகளைத் துப்பறிந்த பொலிஸ்காரர். பிறகு அங்கேயே பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்திருக்கிறார். இரண்டாம் பருவத்தில் ஃபிராங்க் சொபொட்கா என்ற துறைமுகத் தொழிலாளர் தலைவர் வருகிறார். கப்பல் வரத்துக் குறைந்து ஆட்களுக்கு வேலை நாள் கிடைக்காமல் போகிறது. அரசியல்வாதிகளைப் பிடித்துத் துறைமுகத்தை உயிர்ப்பிக்கக் காசு வேண்டும். அந்தக் காசுக்காகக் கடத்தல்காரர்களுக்குக் கொள்கலப் பெட்டிகளைக் கண்டும் காணாமல் கைமாற்றிவிடுகிறார். ஒரு நாள் அப்படி வந்த பெட்டி ஒன்றுக்குள் பெண்கள் மூச்சுமுட்டிச் செத்துக்கிடக்கிறார்கள். அவர் திருடனா, தலைவரா? அமெரிக்க ரசிகர்களும் இருபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். மாமாவுக்குக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேர் போட ஆள் இருந்து, வேல இல்லாமப் போறது எப்புடின்னு அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

அந்தத் தொடரைக் கணித சேர் ஆங்கில சப்டைட்டிலுடன் பார்த்து முடித்தவர். அவருக்கு நான்காம் பருவம்தான் உயிர். 2006இல் வந்த அந்தப் பருவம் நான்கு பையன்களையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் சுற்றுகிறது. பொலிஸ் வேலையைக் கெடுத்துக்கொண்ட பிரெஸ் என்ற ஆள் அங்கே கணித வாத்தியாராக வந்து சேர்கிறார். பாடப் புத்தகத்தால் அடங்காத வகுப்பை, தாயக்கட்டையை உருட்ட வைத்து நிகழ்தகவுக்குள் இழுக்கிறார். டியூக்கி என்ற பையனின் உடுப்பு நாறுகிறது, மற்றப் பிள்ளைகள் கிட்டே உட்காருவதில்லை. வாத்தியார் அவனைப் பள்ளிக்கூடத்திலேயே குளிக்க வைத்து உடுப்பையும் துவைத்துக் கொடுக்க வழி செய்கிறார். பரீட்சைப் புள்ளியை ஏற்றிக் காட்டுவதே பள்ளிக்கூடத்தின் ஒரே கவலை ஆகிவிடுகிறது.

இதைப் பேசத் தொடங்கினால் எங்கள் வேனில் பொலிஸ், கொலை எல்லாம் மறந்துபோகும். எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை டியூக்கி என்று பேர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். ஓ/எல் எழுதுமுன் கொழும்புக் கடைக்குப் போய்விட்ட பையன்கள், பெருநாள் லீவில் புதுச் சப்பாத்துடன் திரும்பிவந்து எங்களைப் பார்த்து ஒதுங்கி நிற்பவர்கள். சேர் இப்போது தாயக்கட்டை கொண்டுபோகிறார். உப அதிபர் ஒரு தடவை முறைத்தாராம்.

திருவிழா என்றால் டிரைவர் அண்ணனின் முறை. மயானக்கொள்ளை வட தமிழ்நாட்டில் மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மனுக்கு நடப்பது. மேல்மலையனூரில் பெரிதாக நடக்கும். வேஷம் போட்டவர்களும் அருள் வந்தவர்களுமாக மயானத்துக்குப் போவார்கள். ‘சுழல்’ கதை அந்தத் திருவிழாவின் நாட்களோடு சேர்ந்தே நகர்கிறது. எங்கள் தோட்டங்களில் அதே மாசியில் காமன் கூத்து. அமாவாசைக்குப் பிறகு காமன் ஊன்றி, பௌர்ணமி இரவில் ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன் என்று வேஷங்கள் இறங்கி, விடியுமுன் சிவன் மன்மதனை எரிக்கும்வரை நடக்கும். அண்ணனின் அவதானம் இதுதான்: முகத்தில் சாயம் ஏறிவிட்டால் பழகிய ஆளே யாரென்று தெரியாது, ஆனால் நடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேஷக்காரர்கள் கூட்டத்துக்குள் ஆளைத் தேடுகிற காட்சிகளில் சக்கரை முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. “காலப் பாக்கணும்ல டீச்சர்?”

‘சுழல்’ இரண்டாம் பருவம் 2025 பெப்ரவரி 28 அன்று வந்தது. காளிபட்டணம் என்ற கடற்கரை ஊர், அஷ்டகாளித் திருவிழா, உள்ளே பூட்டிய வீட்டில் ஒரு வழக்கறிஞர் கொலை. ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் போல எட்டு இளம்பெண்கள் வந்து, செய்தது நானே என்கிறார்கள். எட்டுக் காளிக்கு எட்டுப் பெண் என்ற கணக்கு எழுதும்போது அழகாக இருந்திருக்கும். கணக்குக்காக மனிதர்கள் மெலிந்துவிட்டார்கள் என்பது வேனின் ஏகோபித்த தீர்ப்பு.

சாமியா, ஆளா என்ற சந்தேகத்தில் கதை ஓட்டுவது தமிழுக்குப் புதிதில்லை. 90களில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசை நினைவிருக்கும். அதில் ‘விடாது கருப்பு’ எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பரில் காலமானார். இயக்கியவர் நாகா. குதிரையேறி வந்து தண்டிப்பது கருப்புசாமிதானா, சாமி பெயரில் யாராவதா என்பதுதான் முடிச்சு. தோட்டத்தில் அதைக் கேசட்டில் பார்த்தபோது பெரியவர்கள் சிரிக்கவில்லை. தொழிற்சாலை இயந்திரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்து வெட்டத் தொடங்கினால் கவ்வாத்துச்சாமி என்று வேலைக்கு ஒரு சாமி வைத்திருப்பவர்கள் நாங்கள். எங்கள் அம்மா மட்டும் கடைசிவரை ஒரே நிலையில் இருந்தார்: சாமியாக இருந்தால் குதிரைக்குப் புல்லுப் போடுகிறவன் ஒருவன் ஊரில் இருக்க மாட்டான், ஆகவே புல் வாங்குகிறவனைப் பிடியுங்கள்.

அம்மா கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். அவர் பார்வையே தனி. ரெஜினா இரவு பகலாகக் கேஸ் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், “இவ எப்ப சமைச்சா?” என்பார். ‘விலங்கு’ பார்த்தபோது (2022, ஜீ5, பிரசாந்த் பாண்டிராஜ் இயக்கியது, விமல் சப் இன்ஸ்பெக்டர்) எங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில் வரும் கிச்சப்பாவைப் போலப் பேசித் திரிந்தார்கள். அம்மாவோ ஸ்டேஷனில் யார் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், யார் கூட்டுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரில் அது வீண் கவனம் இல்லை, பார்த்தவர்களுக்குப் புரியும். அதே வருஷம் டிசம்பரில் வந்த ‘வதந்தி’யில் எஸ்.ஜே. சூர்யா துப்பறிகிறார். செத்துப்போன வெலோனியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், சொல்கிறவர் மாற அவளும் மாறுகிறாள். லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் வளர்ந்த யாருக்கும் இதில் விளக்கம் தேவைப்படவில்லை.

சினிமாவில் எந்தக் கதாநாயகி கொழுந்தெடுத்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். முற்றிய இலையைப் பிடுங்குவார்கள், கூடைக் கயிறு தலையில் ஏறும் இடம் பிழையாக இருக்கும், மட்டக்கம்பு கண்ணிலேயே படாது. பாலாவின் ‘பரதேசி’யை (2013) மட்டும் பாதிவரை பார்த்தார். பிழை கண்டு எழும்பவில்லை, தாளாமல் எழும்பிப் போனார்.

முடிவுகளைப் பற்றி வேனில் பேச்சு வந்தால் கணித சேர் பெரும்பாலும் மௌனம். ‘தி வயர்’ ஏன் உசத்தி என்று கேட்டால், அதில் வழக்குகள் முடிவதில்லை, சின்ன ஆட்கள் உள்ளே போகிறார்கள், பெரிய ஆட்கள் வெளியே நிற்கிறார்கள், ஊர் அப்படியே ஓடுகிறது, அதுதான் உண்மை என்பார். தமிழ்த் தொடர்கள் கடைசிப் பாகத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்து, குற்றவாளியின் வாயாலேயே விளக்கம் சொல்ல வைத்துவிடும். நான் அதை இளக்காரமாகப் பேசினேன். சேர் தடுத்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் பிந்துனுவெவ. அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25 அன்று 20க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2003இல் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. “குற்றவாளி வாயத் தொறந்து, ஆமா நான்தான்னு சொல்ற காட்சி நமக்கு எங்க கெடைக்கும் டீச்சர்? நாடகத்துலயாவது இருக்கட்டும்” என்றார் சேர். அன்று அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இத்தனை பேசுகிறவர்கள் அடுத்துக் கேட்பது இயல்பாக ஒன்றுதான்: நம் பக்கத்துக் கதை எங்கே? சரக்குக்குக் குறைவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக வழக்காடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த வருஷத்து வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் வந்தது. பதுளைக்குக் கிட்டே வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவைக் கலந்துதான் நிர்வாகம் நடத்துவேன் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்துடன் வந்த பொலிஸ் குழுவிடமிருந்து ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். பின்னால் லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கம் நின்றது. லயத்து ஆட்கள் துவக்கைப் பறித்த அந்த நாளை எட்டுப் பாகமாக எடுத்தால் ஒரு பாகம்கூடச் சோராது.

வேனில் அதற்குத் திட்டம் தயாராகவே இருக்கிறது. கணித சேருக்கு முதல் காட்சி குழுத் தேர்தல், யார் யாருக்குக் கை உயர்த்தினார்கள், ஏன் என்று. அண்ணனுக்கு எச்சரிக்கை கொடுப்பது தப்பாகத்தான் இருக்க வேண்டும், பின்னணி இசைக்காரர் அதன்மேல் வயலின் ஏற்றக்கூடாது. மாமாவுக்கு, துவக்குப் பறித்த மறுநாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று காட்டியே ஆக வேண்டும். அம்மாவுக்கு, அந்த நாட்களில் லயத்தில் அடுப்பு எதைக்கொண்டு எரிந்தது என்று. நான் கேட்பது ஒன்றுதான்: பொலிஸ்காரர்களில் ஒருவனை நல்லவனாக்கி அவன் கண்ணால் கதை சொல்ல வேண்டாம்.

துரையாக யார் நடிப்பது என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. அண்ணன் பார்த்திபன் என்கிறார். வெள்ளைக்காரத் துரைக்குப் பார்த்திபனா என்று சேர் சிரித்தால், “அந்தக் கோணல் பேச்சுக்கு வேற ஆளக் காட்டுங்க பாப்பம்” என்று வேனை நடுவளைவில் மெதுவாக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். ரோட்டைப் பாருங்கள் அண்ணே என்று எல்லோரும் கத்துகிறோம்.